கண்மாய் நீரின் உப்பும் மீனின் வளர்ச்சியும்

கப்பலூர் போன்ற மதுரைச் சமவெளிக் கிராமங்களில் கண்மாயின் மீன்பாசிக் குத்தகையை ஏற்கும் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள், இரையைப் போலவே நீரின் உப்பையும் கவனித்தல் அவசியம். மாரியில் நிறைந்த கண்மாய் கோடையில் வற்றுங்கால் நீர் ஆவியாய் நீங்கும். உப்போ அங்கேயே தங்கிச் செறியும்.

மீனின் இரத்தத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 10 கிராம் உப்புண்டு. கடல்நீரில் சுமார் 35 கிராம். கட்லா, ரோகு முதலியவை நன்னீருக்கே அமைந்தவை. மிகுந்த உப்பை வெளியேற்றும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. ஆதலால் நீர் கரிக்கக் கரிக்க அவை இரை எடுப்பது குறையும். தின்றதும் சதையாகாமல் உயிரைக் காப்பதிலேயே செலவாகும். பால்கெண்டையோ இருவகை நீரிலும் வளரும்.

நன்னீரில் அரிசித் தவிட்டையும் கடலைப் பிண்ணாக்கையும் சம எடையாகக் கலந்து, மீன்களின் மொத்த எடையில் 100-க்கு 2 அல்லது 3 பங்கு தினந்தோறும் இடலாம். மிஞ்சிய இரை அழுகி, நீரிலுள்ள பிராணவாயுவைக் குறைத்துவிடும்.

ஆகவே, கோடையில் வளர்ச்சி குன்றக் கண்டால் பிண்ணாக்கைக் கூட்டற்க. முதலில் நீரைச் சோதிப்பிக்க. உப்பு மிகுந்திருப்பின், புதுநீர் பாய்ச்சுதலோ, தாமதியாது மீனைப் பிடித்து விற்றலோதான் சங்கத்தின் முதலைக் காக்கும்.