மோடம் செத்துப் போச்சா? முதலில் அடாப்டரைப் பாருங்கள்

2020-ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது பள்ளிக்கூடம் கைப்பேசிக்குள் வந்துவிட்டதல்லவா? அன்று கடன்பட்டு வாங்கிய மோடமும் மௌஸும் பல லயத்து வீடுகளில் இன்றும் உழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் ஒரு நாள் விளக்கு எரியாவிட்டால் போதும், "அண்ணே, மோடம் செத்துப் போச்சு!" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டணத்துக்கு ஓடுகிறோம். தவுக்கே புதுப் பெட்டியை நம் தலையில் கட்டி அனுப்புகிறார். ஒரு நாள் சம்பளமும் போச்சு, பஸ் காசும் போச்சு.

பல நேரங்களில் செத்தது பெட்டி அல்ல. சுவரில் செருகும் அந்தச் சின்னக் கறுப்புக் கட்டி, அதாவது அடாப்டர்தான். சோதிப்பது சுலபம். அதே பிளக்கில் கைப்பேசி சார்ஜரைச் செருகுங்கள். கைப்பேசிக்குச் சார்ஜ் ஏறுகிறது, மோடத்தில் மட்டும் ஒரு விளக்கும் இல்லை என்றால் அடாப்டரைத்தான் சந்தேகப்பட வேண்டும். புது அடாப்டர் சில வெள்ளிதான். புது மோடம் அப்படியா?

அதற்காக, "முனை சரியாப் பொருந்துதே" என்று பக்கத்து வீட்டு அடாப்டரைச் செருகிவிடாதீர்கள். 9 வோல்ட்டுக்கும் 12 வோல்ட்டுக்கும் முனை ஒன்றுபோலவே இருக்கும். 9 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட் கொடுத்தால், நன்றாக இருந்த பெட்டியும் கருகிவிடலாம். அடாப்டரின் முதுகில் 'அவுட்புட்' என்று அச்சிட்டிருக்கும் வரியைப் படியுங்கள். வோல்ட் அதே அளவாக இருக்க வேண்டும். அம்பியர் குறையக்கூடாது, கூடினால் பாதகமில்லை. பக்கத்தில் வட்டம் போட்டுக் காட்டியிருக்கும் கூட்டல், கழித்தல் குறிகளும் ஒத்திருக்க வேண்டும். எழுத்து பொடியாக இருக்கிறதா? கைப்பேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

விளக்கு எரிகிறது, இணையம்தான் வரவில்லை என்றால் பிளக்கைக் கழற்றி ஒரு நிமிடம் கழித்துச் செருகுங்கள். பின்னால் இருக்கும் ஊசித் துவாரத்தை மட்டும் பிள்ளைகள் குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது 'ரீசெட்'. நாம் வைத்த கடவுச்சொல், அமைப்பு எல்லாம் அழிந்துவிடும். சிம் போடும் மோடமாக இருந்தால் இரும்பு அலமாரி மேல் வைக்காமல் சன்னலோரம் வையுங்கள். துத்தநாகக் கூரையும் இரும்பும் அலையைத் தடுக்கும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 3ஜி மோடத்தை வாங்கிவிடாதீர்கள். நம் நாட்டில் 3ஜி சேவை 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. 4ஜி இல்லாத பெட்டியை எத்தனை முறை தட்டினாலும் உயிர் வராது.

மௌஸ் ஓடவில்லையா? கண்ணாடி மேசையாக இருந்தால் அடியில் ஒரு காகிதம் வையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் வேறு துளையில் செருகிப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி இடி மின்னல். சுவிட்சை அடைத்தால் போதாது. பிளக்கைக் கழற்ற வேண்டும். செம்புக் கம்பித் தொலைபேசி இணைப்பாக இருந்தால் அந்தக் கம்பியையும் கழற்ற வேண்டும், மின்னல் அது வழியாகவும் நுழையும். இடி தலைக்கு மேல் வந்தபின் கம்பியில் கை வைப்பது ஆபத்து. வானம் கறுக்கும்போதே கழற்றிவிடுங்கள். பகலில் வீட்டில் ஆள் இல்லையென்றால் காலையில் பெரட்டுக்குப் புறப்படும்போதே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.