இழந்த பல்லுக்கு ஈடு

"பல்லுப் போனால் சொல்லுப் போச்சு" என்பது பாமர மக்களிடை வழங்கும் பழமொழி. மேல்வாய்ப் பல்லின் அடியை நாவின் நுனி பொருந்தத் தகரமும் நகரமும் பிறக்கின்றன. மேற்பல் கீழிதழோடு இயைய வகரம் பிறக்கின்றது. ஆதலின் முன்பல் இழந்தவரின் சொல் குழறுவது இயற்கையே. சொல்லோடு உணவும் தளர்கின்றது. கடைவாய்ப் பற்களை இழந்தவர் கடினமான காயையும் இறைச்சியையும் விலக்கிக் கஞ்சிக்கும் குழைசோற்றுக்கும் இறங்கிவிடுகின்றார். இவ்வளவு பெறுமதியுள்ள உறுப்பு பழுதுற்றால், "பிடுங்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது" என்று எண்ணுவோரே பலர். பிடுங்குதல் செலவு குறைந்த வழிபோலத் தோன்றும். பிந்திய ஆண்டுகளின் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் அது பெரும்பாலும் செலவு மிகுந்த வழியாகவே முடிகின்றது.

இதன் காரணத்தை அறியப் பல்லின் அமைப்பை ஒருசிறிது அறிதல் வேண்டும். பல்லின் மேலே எனாமல் என்னும் கடினமான உறை உண்டு. அதன் கீழ் சற்று மென்மையான தந்தப் பகுதியும், அதன் நடுவே நரம்பும் குருதிக் குழாய்களும் நிறைந்த உயிர்ப்பகுதியும் உள்ளன. வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையை உண்டு அமிலத்தை உண்டாக்க, அவ்வமிலம் எனாமலை அரிக்கின்றது. அரிப்பு மேலுறையளவில் நிற்கும்போது நோவு தோன்றுவதில்லை. தந்தப் பகுதியை அடைந்ததும் குளிர்நீரும் இனிப்பும் கூசுகின்றன. உயிர்ப்பகுதியை எட்டியபின் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் நோவு எழுகின்றது. சொத்தை எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்குச் சிகிச்சையும் செலவும் பெருகும்.

சொத்தை ஆழமாகாத நிலையில் அடைத்தலே போதும். அரைவாசி பாதரசமும், எஞ்சியது வெள்ளி, வெள்ளீயம், செம்பு முதலியனவும் சேர்ந்த இரசக் கலவை நெடுங்காலம் வழக்கில் இருந்தது. அது உறுதியானது, ஆயினும் பாதரசம் சூழலைக் கெடுப்பதனால் அதன் பயன் குறைந்து வருகின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி 1 முதல் அதனைப் பொதுவாக விலக்கிவிட்டது. நீல ஒளியால் இறுகும் பல் நிறப் பிசினை இன்று பலர் விரும்புகின்றனர். அடைக்கும் வேளையில் ஈரம் படாமற் காக்க வேண்டியிருத்தலின் அதற்கு நேரமும் கூலியும் சற்று மிகுதி.

உயிர்ப்பகுதி கெட்டுப்போனாலும் பல்லைக் காத்தல் கூடும். கெட்ட பகுதியை அகற்றி, வேரின் உட்குழாயைத் துப்புரவு செய்து அடைத்துவிடுவதே வேர்ச் சிகிச்சை. இதற்குப் பலமுறை செல்ல நேரலாம். இவ்வாறு காக்கப்பட்ட கடைவாய்ப்பல் பிளந்துபோகாதிருக்க, உலோகத்தாலோ பீங்கானாலோ சிர்க்கோனியாவாலோ செய்த முடியை அதன்மேல் அணிவிப்பது வழக்கம். வேர்ச் சிகிச்சையும் முடியும் சேர்ந்த செலவைக் கேட்டு அஞ்சியே பலர் பிடுங்குதலை நாடுகின்றனர். ஆனால் பிடுங்கிய இடம் சும்மா இருப்பதில்லை. பக்கத்துப் பற்கள் வெற்றிடத்தை நோக்கிச் சாய்கின்றன. எதிர்த்தாடைப் பல் கடிக்கத் துணையின்றி நீள்கின்றது. வேரைத் தாங்கிய தாடையெலும்பும் நாளடைவில் தேய்கின்றது.

வெற்றிடத்தை நிரப்ப மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, கழற்றி மாட்டும் கட்டுப்பல். அமெரிக்காவின் முதற் சனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டன் 1789இல் பதவியேற்றபொழுது அவர் வாயில் எஞ்சியிருந்தது ஒரேயொரு பல். அவருக்கு நீர்யானைத் தந்தத்தாலும் பிற மனிதரின் பற்களாலும் பல் கட்டினர். அவை அவருக்கு இறுதிவரை வேதனையே தந்தன. இன்றோ அக்கிரிலிக்கில் ஆன கட்டுப்பல் எளியவருக்கும் எட்டக்கூடியது. மூன்று வழிகளுள் செலவு மிகக் குறைந்ததும் அதுவே. எனினும் எலும்பு தேயத் தேய அது தளரும். சில ஆண்டுகளுக்கொருமுறை திருத்தவோ மாற்றவோ வேண்டும். இரவில் அதனைக் கழற்றித் துலக்கித் தண்ணீரில் இட்டுவைத்தல் வேண்டும். கொதிநீர் அதன் வடிவைக் கெடுத்துவிடும்.

இரண்டாவது, பாலம். இருபுறத்துப் பற்களையும் செதுக்கி முடியிட்டு, அவற்றினிடையே செயற்கைப் பல்லைத் தொங்கவிடுதலே இது. கழற்றும் தொல்லை இதில் இல்லை. ஆனால் நலமான இரு பற்கள் தம் எனாமலை இழக்க நேர்கின்றது. இச்செலவு பற்றுச்சீட்டில் எழுதப்படுவதில்லை. பக்கத்துப் பற்கள் முன்னரே பழுதுற்று முடி வேண்டி நிற்குமாயின் பாலம் பொருத்தமானதே.

மூன்றாவது, தாடையெலும்பில் தைத்தேனியத் திருகாணியைப் பதித்து அதன்மேல் பல் பொருத்துதல். சுவீடன் நாட்டுப் பேர்-இங்வார் பிரானெமார்க் என்பார் 1952இல் முயல்களின் எலும்பை ஆராய்ந்துகொண்டிருந்தபொழுது, தைத்தேனியக் கருவியைப் பின்னர் எடுக்க முடியாதவாறு எலும்பு அதனைப் பற்றிக்கொண்டதைக் கண்டார். 1965இல் அம்முறையால் ஒரு மனிதருக்கு முதன்முதல் பல் பொருத்தினார். பக்கத்துப் பற்களுக்கு ஊறு செய்யாத இம்முறையே விலை மிக உயர்ந்தது. எலும்பு திருகாணியைப் பற்றப் பெரும்பாலும் சில மாதங்கள் செல்லும். புகைப்போருக்கும் நீரிழிவைக் கட்டுப்படுத்தாதோருக்கும் இது தவறும் வாய்ப்பு மிகுதி.

செலவு எவ்வாறு படிப்படியாக ஏறுகின்றது என்பதற்கு இங்கிலாந்து தக்க சான்றாகும். 1948 ஜூலை 5இல் தொடங்கிய தேசிய சுகாதார சேவை பல் வைத்தியத்தையும் இலவசமாக வழங்கியது. பல்லாண்டு பல்லின்றி வாழ்ந்தோர் திரண்டு வந்தனர். செலவு மதிப்பைக் கடந்தது. 1951இல் கட்டுப்பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க அரசாங்கம் துணிந்தபொழுது, அச்சேவையை நிறுவிய அனியூரின் பெவன் அமைச்சர் பதவியைத் துறந்தார். அங்கு 2025 ஏப்ரலில் நோயாளருக்குக் குறிக்கப்பட்ட கட்டணம், பரிசோதனைக்கு 27.40 பவுண், அடைத்தல், வேர்ச் சிகிச்சை, பிடுங்குதல் ஆகியவற்றுக்கு 75.30 பவுண், முடி, பாலம், கட்டுப்பல் ஆகியவற்றுக்கு 326.70 பவுண். கடைசிப் படி முதற் படியைப்போல் ஏறக்குறையப் பன்னிரண்டு மடங்கு. தொகை நாட்டுக்கு நாடு வேறுபடும். ஏறும் வரிசை பெரிதும் வேறுபடுவதில்லை. முடிக்கும் பாலத்துக்கும் வைத்தியரின் உழைப்பேயன்றி, அச்செடுத்துப் பல் செய்யும் தொழில்நுட்பரின் உழைப்பும் வேண்டியிருப்பதே இதற்கு ஒரு காரணம்.

இழந்த ஒவ்வொரு பல்லுக்கும் ஈடு வைத்தே தீரவேண்டும் என்பதும் இல்லை. யப்பான் 1989இல் தொடங்கிய இயக்கம் எண்பது வயதில் இருபது பற்கள் என்பதையே இலக்காகக் கொண்டது. முப்பத்திரண்டில் இருபது பற்கள் தக்கபடி அமைந்திருந்தால் பெரும்பாலான உணவை மெல்ல இயலும். ஆகையால் கடைசிக் கடைவாய்ப்பல் ஒன்று போனதற்காகக் கடன்படுதல் தேவையற்றது. முன்பல் போனதும், ஒரு பக்கத்துக் கடைவாய் முழுவதும் வெறுமையானதும் வேறு வகையின.

இலங்கையில் அரசாங்க வைத்தியசாலைகளின் பல் சிகிச்சை நிலையங்களில் பிடுங்குதலும் அடைத்தலும் இலவசம். கொழும்பிலுள்ள தேசிய பல் வைத்தியசாலையிலும் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையிலும் இவற்றினும் நுணுக்கமான சிகிச்சைகள் நடைபெறுகின்றன. அங்கே காத்திருக்கும் பொறுமை வேண்டும். தனியார் நிலையத்தை நாடுவோர் சிகிச்சைக்கு முன்னரே நான்கு வினாக்களை வினவுதல் நன்று. இப்பல்லைக் காக்க வழியுண்டா? எத்தனை முறை வருதல் வேண்டும்? முழுச் செலவு யாது? இவ்வேலை எத்தனை ஆண்டு நிற்கும், கெட்டால் என் செய்வது? விடையை எழுத்திற் பெறுதல் இன்னும் நன்று. இலங்கை மருத்துவ சபையிற் பதிவுபெறாதவரிடம் மலிவுக்காகப் பல் கட்டுவோர், ஈறு புண்பட்டு, இருந்த பற்களையும் இழக்க நேரலாம்.

விளையாட்டு மைதானத்தில் பிள்ளையின் பல் விழுந்துவிட்டால் செலவின்றியே முதலுதவி செய்யலாம். அது பாற்பல்லாயின் மீண்டும் வைத்தல் ஆகாது. நிலைத்த பல்லாயின், வேரைத் தொடாது மேற்பகுதியைப் பிடித்தெடுத்து, அழுக்கிருந்தால் மெல்லக் கழுவி, உடனே குழியிற் பொருத்துக. இயலாவிடின் பாலில் இட்டுப் பல் வைத்தியரிடம் விரைக. அரைமணி நேரத்துள் சேர்ந்தால் அப்பல்லே மீண்டும் பற்றிக்கொள்ளும் வாய்ப்பு மிகுதி.

கட்டுப்பல்லும் பாலமும் திருகாணியும் இழந்த பல்லுக்கு ஈடாகுமேயன்றி அப்பல்லே ஆகா. கூச்சம் தோன்றிய முதல் வாரத்திலேயே வைத்தியரிடம் செல்பவர், பெரும்பாலும் ஓர் அடைத்தலோடு வீடு திரும்புவார். நோவு தாங்கமாட்டாத இரவுவரை காத்திருப்பவரே, மேற்கூறிய வழிகளுள் ஒன்றைப் பணங்கொடுத்துத் தேர்ந்தெடுக்க வேண்டியவராகின்றார்.