கணித்ததும் கண்டதும்

விஞ்ஞானத்தின் வரலாறு என்றவுடன் உங்களில் பெரும்பாலோருக்கு ஒரு பட்டியல்தான் நினைவுக்கு வரும். 1609-இல் கலிலியோ தொலைநோக்கியை வானத்தின்பால் திருப்பினார். 1687-இல் நியூட்டன் ஈர்ப்பு விதியை வெளியிட்டார். 1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். பெயரையும் ஆண்டையும் எதிரெதிரே எழுதிப் பொருத்துக என்று கேட்டால் நீங்கள் பிழையின்றிப் பொருத்திவிடுவீர்கள். பல்லாண்டுகள் ஆசிரியத் தொழிலில் இருந்த நானும் அத்தகைய வினாக்களை எண்ணிறந்த முறை கேட்டிருக்கிறேன். ஆயினும், புதிய உண்மை மனிதன்முன் எந்த வழியாக வந்து நின்றது என்பதை அப்பட்டியல் சொல்வதில்லை.

அது வந்த வழிகளுள் ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு விடை வருகிறது. கண்ணால் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இரண்டுக்கும் இடையே ஒரு நூலிழை வேறுபாடு. அதைப் பொருட்படுத்தாமல் விடுபவர் பலர். நின்று பார்ப்பவர் சிலர். அந்தச் சிலரின் வரலாறே விஞ்ஞான வரலாற்றில் பெரும்பகுதி. சான்று தேடிக் கடல் கடந்து செல்ல வேண்டா. நம் தென்னாட்டு வானமும் மண்ணும் போதும்.

இடைக்காலத்திலிருந்து தொடங்குவோம். சந்திரன் வானத்தில் நாள்தோறும் ஒரே அளவு நகர்வதில்லை. பூமிக்கு அருகே வரும்போது விரைந்தும், விலகிச் செல்லும்போது தளர்ந்தும் செல்கிறது. இந்த ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ 248 நாட்களில் ஒன்பது சுற்று முடித்து மீண்டும் தொடங்குகிறது. இதனை அறிந்த நம் முன்னோர், எழுத்துக்கு ஓர் எண்ணாக அமைத்து, 248 சிறு வாக்கியங்களில் சந்திரனின் இருப்பிடத்தை அடக்கி மனப்பாடம் செய்து வைத்தார்கள். வாக்கியப் பஞ்சாங்கம் என்னும் பெயர் இதிலிருந்து வந்ததே. ஏடும் எழுத்தாணியும் இன்றியே கிரகணம் கணிக்க இம்முறை உதவியது.

எனினும் வாக்கியம் மாறாதது. வானமோ அதற்குக் கட்டுப்பட்டதன்று. கணக்கில் உள்ள மிகச் சிறு பிழையும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து பெரிதாகும். கேரளத்தில் வாழ்ந்த வடசேரிப் பரமேசுவரர் இதனை உணர்ந்தார். அவர் 55 ஆண்டுகள் கிரகணங்களைத் தம் கண்ணால் பார்த்து, கணித்த வேளையோடு ஒப்பிட்டு, 1431-இல் ஒரு திருத்திய கணித முறையை வகுத்தார். அதற்குத் திருக்கணிதம் என்று பெயர். இங்குத் 'திருக்' என்பது பார்வையைக் குறிக்கும் வடசொல். கண்ணால் கண்டதற்கு ஒத்த கணக்கு என்பது பொருள். ஐரோப்பாவில் கோப்பர்னிக்கஸ் பிறப்பதற்கு 42 ஆண்டுகளுக்கு முன்னரே நம் நாட்டில் ஒருவர் வானத்தைக் கொண்டு நூலைத் திருத்தினார் என்பதை நீங்கள் மறவாதிருக்க வேண்டும்.

அடுத்து, எங்கள் செஞ்சிச் சீமைக்கு அண்மையிலுள்ள புதுச்சேரிக்கு வருவோம். சூரியனை வெள்ளி கடந்து செல்லும் காட்சியைப் பல இடங்களிலிருந்து அளந்தால் சூரியனின் தொலைவைக் கணிக்கலாம். 1761 ஜூன் 6-ஆம் நாள் நிகழவிருந்த அக்காட்சியைப் புதுச்சேரியிலிருந்து காண்பதற்காக லெ ஜாந்தி என்னும் பிரெஞ்சு வானியலார் 1760 மார்ச்சில் கப்பலேறினார். அவர் வந்து சேர்வதற்குள் 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. ஏப்ரலில் செஞ்சிக் கோட்டையும் பிரெஞ்சுக்காரர் கையைவிட்டுப் போயிற்று. லெ ஜாந்தி ஆடும் கப்பலில் நின்று வெள்ளியைக் கண்டார். அந்த நிலையில் எடுத்த அளவு எதற்கும் பயன்படவில்லை.

அடுத்த காட்சி 1769-இல். அதன் பின்னரோ நூறாண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஆகவே அவர் ஊர் திரும்பாமல் எட்டாண்டு தங்கினார். மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் வந்த புதுச்சேரியில் வானாராய்ச்சிக் கூடம் அமைத்தார். பகைவராக இருந்த ஆங்கிலேயரே சென்னையிலிருந்து ஒரு நல்ல தொலைநோக்கியை இரவல் கொடுத்தார்கள். குறித்த நாள் காலையில் வானத்தை மேகம் மூடிக்கொண்டது. காட்சி முடிந்த பின்னரே கதிரவன் வெளிப்பட்டான்!

அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. காத்திருந்த காலத்தில் அங்கிருந்த தமிழ்க் கணிதரிடம் அவர்தம் கணித முறையைக் கேட்டறிந்தார். 1765 ஆகஸ்டு 30-ஆம் நாள் சந்திர கிரகணம் நீடித்த நேரத்தைத் தமிழ் முறைப்படி கணித்தால் 41 விநாடி குறைவாக வந்தது. ஐரோப்பாவில் அந்நாளில் உயர்ந்ததாகப் போற்றப்பட்ட மேயரின் அட்டவணைப்படி கணித்தால் 68 விநாடி கூடுதலாக வந்தது. இதைக் கேட்டு நாம் மகிழலாம். ஆனால் மகிழ்ச்சியோடு நின்றுவிடல் ஆகாது. ஐரோப்பியர் தம் அட்டவணையின் பிழையை அச்சிட்டு, அடுத்த அட்டவணையில் அதைக் குறைத்தார்கள். நம் கணிதரோ வாக்கியத்தை மாற்றாமல் காத்தார்கள். 1825-இல் ஜான் வாரன் என்பவர் புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் சோழிகளைத் தரையில் அடுக்கிக் கிரகணம் கணித்ததைப் பார்த்து வியந்து, அம்முறையைத் தம் நூலில் எழுதி வைத்தார். அந்தக் கிரகணம் முடியும் வேளையில் கணக்கு ஏறத்தாழ 52 நிமிடம் தவறிற்று. பரமேசுவரர் காட்டிய வழியில் தொடர்ந்து நடந்திருந்தால் அத்தவறு இவ்வளவு வளர்ந்திராது அன்றோ?

எங்கள் சீயமங்கலத்தில் பாறையைக் குடைந்து கோயில் எடுத்த மகேந்திரவர்மப் பல்லவன், அச்செய்தியைத் தன் விருதுப் பெயரோடு கல்லில் வெட்டி வைத்தான். ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் அதைப் படிக்கிறோம். எழுதி வைத்தது நின்றது. கணக்கு எந்த நாளில் எவ்வளவு தவறிற்று என்பதையும் அவ்வாறே எழுதிக் காப்பது விஞ்ஞானத்தின் உயிர்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வானாராய்ச்சிக் கூடத்தில் அத்தகைய பதிவு நாள்தோறும் நடந்தது. அங்குப் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் என்னும் நம் நாட்டவர், 1867-இல் தென்வானத்து ரெட்டிகுலம் மண்டலத்தில் ஒரு விண்மீனின் ஒளி ஏறியும் இறங்கியும் மாறுவதைக் கண்டறிந்தார். அவர் இன்னொரு தொண்டும் ஆற்றினார். பஞ்சாங்கத்தைக் கண்ணால் கண்ட வானத்துக்கு ஏற்பத் திருத்த வேண்டும் என்று வாதாடி, திருக்கணிதப் பஞ்சாங்கம் ஒன்றைத் தாமே வெளியிட்டார். பரமேசுவரரின் குரல் நானூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்து சென்னையில் மீண்டும் ஒலித்தது எனலாம்.

இனி வானத்திலிருந்து மண்ணுக்கு இறங்குவோம். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அக்கோட்டின்மீது முக்கோணம் எழுப்பி, அதன்மேல் மற்றொரு முக்கோணம் எழுப்பி, இந்தியா முழுவதையும் அளக்கும் பெரும்பணி அங்கே தொடங்கிற்று. கோணம் அளக்கும் கருவியான தியோடலைட்டின் எடை ஏறத்தாழ அரை டன். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின்மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்ப்டன் கூடாரத்துக்குள் அமர்ந்து வாரக்கணக்கில் உழைத்து அதனைச் செப்பனிட்டார்.

அளவை வடக்கே சென்றபோது ஒரு புதிர் தோன்றிற்று. மத்திய இந்தியாவிலுள்ள கலியாண்பூருக்கும், டில்லிக்கு வடக்கே உள்ள கலியானாவுக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ 600 கிலோமீட்டர். அதை முக்கோணங்களால் ஒரு முறையும், விண்மீன்களின் உயரத்தைக் கொண்டு மற்றொரு முறையும் நிர்ணயித்தார்கள். இரு விடைகளும் 5.236 விகலை வேறுபட்டன. ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை என்பதை நீங்கள் அறிவீர்கள். தரையில் அது ஏறத்தாழ 160 மீட்டர். 600 கிலோமீட்டரில் 160 மீட்டர் என்ன பெரிது என்று எவரும் கேட்கலாம். ஆனால் அளந்தவர்கள் தம் அளவையின் நுட்பத்தை அறிந்திருந்தார்கள். இவ்வளவு பெரிய பிழை தம் கையால் நேர்ந்திருக்க முடியாது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இமயமலை தன் பெரும் பொருள்திணிவால் தூக்குக் குண்டைத் தன்பால் இழுக்கிறது என்று பிராட் என்பவர் கருதினார். கணக்கிட்டுப் பார்த்தபோது வியப்பு இரட்டித்தது. இமயம் இழுத்திருந்தால் வேறுபாடு ஏறத்தாழ 16 விகலை இருத்தல் வேண்டும், கண்டதோ ஐந்துதான். அப்படியானால் மலை தன் தோற்றத்துக்கு ஏற்ற அளவு ஏன் இழுக்கவில்லை? 1855-இல் ஏரி என்பவர் ஒரு விடை கூறினார். நீரில் மிதக்கும் கட்டைகளுள் மேலே உயர்ந்து நிற்பது, கீழேயும் ஆழ்ந்திருக்கும். அதுபோல், எடை குறைந்த பாறையாலான மலைக்குப் பூமியின் உள்ளே ஆழ்ந்த வேர் உண்டு. அங்கே எடை மிகுந்த பொருள் விலக்கப்பட்டிருப்பதால் இழுவிசை குறைகிறது. மலைகளுக்கு வேர் உண்டு என்னும் கொள்கை, பரங்கிமலையருகே தொடங்கிய சங்கிலி காட்டிய சிறு வேறுபாட்டிலிருந்து பிறந்தது!

மற்றுமொரு சான்று. 1868 ஆகஸ்டு 18-ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூரில் பிரெஞ்சு வானியலார் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாராய்ச்சிக் கூடத்தின் போக்சனும் கருவிகளோடு காத்திருந்தார்கள். சூரியனின் விளிம்பில் எழும் பிழம்புகளின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது பளிச்சென்ற ஒரு மஞ்சட்கோடு தெரிந்தது. அது சோடியத்துக்குரிய கோட்டின் இடத்திலா, அதன் அருகிலா? போக்சன் அவ்வையத்தோடேயே அதைக் குறித்தார். அவ்வாண்டு அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து லாக்கியர் அக்கோட்டை நுட்பமாக அளந்தார். சோடியத்தின் இரட்டைக் கோடுகள் 589.0, 589.6 நானோமீட்டரில் உள்ளன. புதிய கோடு 587.6-இல் உள்ளது. இந்த இடைவெளியில் ஒரு புதிய தனிமம் ஒளிந்திருந்தது. சூரியனின் கிரேக்கப் பெயரால் அதனை ஹீலியம் என்றார்கள். பூமியில் அதை ராம்சே பிரித்தெடுத்தது 27 ஆண்டுகளுக்குப் பின்னர், 1895-இல். இன்று மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தத்தைக் குளிர்விப்பது திரவ ஹீலியமே.

வேறுபாடு எல்லாம் கண்டுபிடிப்பு ஆகிவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். ஆகாது. பெரும்பாலும் அது கருவியின் குறையாகவோ, பொருளின் மாசாகவோ இருக்கும். அதனால்தான் சோதிக்க வேண்டும் என்கிறேன். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன் கல்கத்தாவில் செய்தது இதுவே. திரவங்களில் ஒளி சிதறும்போது நிறம் சிறிதே மாறிய மங்கிய ஒளி ஒன்று உடன் தோன்றுவதை 1923-இல் அவருடைய மாணவர் கே. ஆர். ராமநாதன் கண்டார். திரவத்திலுள்ள மாசினால் விளைந்த ஒளி என்று தோன்றிற்று. திரவத்தை மீண்டும் மீண்டும் தூய்மைப்படுத்தினார்கள். அந்த ஒளி மறையவில்லை. வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் ராமனும் பல திரவங்களில் அதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் ராமன் விளைவு உறுதியாயிற்று. 1930-இல் நோபெல் பரிசு வந்தது.

செஞ்சிக்கு வடமேற்கே சவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் உள்ளது. 1977 மார்ச் 10-ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை நெருங்கிச் செல்வதைக் காண அங்கிருந்தோர் காத்திருந்தார்கள். கணித்த வேளைக்கு முன்பே அவ்விண்மீனின் ஒளி சில விநாடி மங்கிற்று. பட்டாச்சாரியாவும் குப்புசாமியும் அதனைப் பதிவு செய்து, புதிய துணைக்கோள் ஒன்று இருக்கலாம் என்று எழுதினார்கள். அதே நிகழ்ச்சியை விமானத்தில் பறந்தவாறு நோக்கிய அமெரிக்கர்கள் கோளின் இருபுறமும் ஒளி மங்குவதைக் கண்டார்கள். அது துணைக்கோள் அன்று, யுரேனஸைச் சுற்றியுள்ள வளையங்கள் என்பது தெளிவாயிற்று. விளக்கம் மாறலாம், உள்ளவாறு எழுதிய பதிவு மாறாது பயன்படும்.

இவற்றையெல்லாம் உங்களுக்குச் சொல்லக் காரணம் உண்டு. ஊசல் ஆட்டத்தைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் பாடத்தில், மாணவர்கள் 980 என்னும் விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்கு ஏற்றவாறு நேரத்தை மாற்றி எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன். மதிப்பெண்ணுக்காகச் செய்கிறார்கள். ஆனால் உண்மை என்ன? பூமி நடுக்கோட்டருகே சற்றுப் பருத்திருப்பதாலும் சுழல்வதாலும், எங்கள் வட்டாரத்தில் மிக நுட்பமாக அளந்தால் ஏறத்தாழ 978.3 தான் கிடைக்கும். 1672-இல் ரிஷே என்பவர் பாரிஸிலிருந்து தென் அமெரிக்காவின் கேயனுக்கு எடுத்துச் சென்ற ஊசல் கடிகாரம் நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கிற்று. அதை அவர் மறைத்திருந்தால், பூமியின் வடிவத்துக்கு அத்துணைச் சிறந்த சான்று நியூட்டனுக்குக் கிடைத்திராது. ஆகவே, அளந்ததை அளந்தவாறே எழுதுங்கள். விடை ஒத்து வரவில்லையெனில் காரணத்தைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்றே எழுதுங்கள். மதிப்பெண் இடும் ஆசிரிய நண்பர்களும் அத்தகைய மாணவனைத் தண்டியாதிருப்பாராக.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டுவதில்லை. அடுத்த சந்திர கிரகணத்துக்கு வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் தரும் நேரங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சரி பார்த்த கடிகாரத்தோடு வெட்டவெளியில் நின்று, நிழல் பற்றிய நேரத்தையும் விட்ட நேரத்தையும் நீங்கள் கண்டபடி அவற்றுக்கு எதிரே குறியுங்கள். மேகம் மறைத்தால் மேகம் மறைத்தது என்று எழுதி, தாளைப் பத்திரப்படுத்தி, அதற்கடுத்த கிரகணத்துக்குக் காத்திருங்கள்.