படிவத்தில் முதலாவதாக எதைப் போடுவது?

உயர்தரப் பெறுபேறு வந்தவுடன் லயத்தில் இனிப்புக் கொடுக்கிறோம். கோயிலுக்குப் போகிறோம். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். பல்கலைக்கழக விண்ணப்பம் என்று ஒன்று இருக்கிறதே, அதை டவுனில் உள்ள கொமினிகேசன் கடைத் தம்பியிடம் விட்டுவிடுகிறோம். அவர் நல்ல பிள்ளைதான். ஆனால் எந்தப் படிப்பை முதலாவதாகப் போடுவது, எதைக் கடைசியாகப் போடுவது என்று அவரா முடிவு செய்வது?

ஒரு தாய் சொன்னாங்க: "யாழ்ப்பாணம் மட்டும் போடுங்க சேர். நம்ம பாஷை. சுன்னாகத்துல எங்க சொந்தக்காரங்க வீடும் இருக்கு, அங்கயே தங்கி படிக்கட்டும்." மகள் கணிதப் பிரிவில் எழுதிய பிள்ளை, பொறியியல் படிக்க ஆசை. அந்தத் தாயின் கணக்கில் இரண்டு பிழை இருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் யாழ்ப்பாண டவுனில் இல்லை, கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. டவுனில் இருந்தே 60 கிலோமீற்றருக்கு மேல். சுன்னாகத்தில் தங்கித் தினமும் போய் வர முடியாது. அடுத்தது, பொறியியல், மருத்துவம், விஞ்ஞானம் எல்லாம் அங்கேயும் ஆங்கிலத்தில்தான் படிப்பிக்கிறார்கள்.

விவசாய பீடமும் தொழில்நுட்ப பீடமும் கிளிநொச்சியில்தான். மருத்துவம், விஞ்ஞானம், கலை, முகாமைத்துவம் திருநெல்வேலிப் பக்கம். சித்த மருத்துவம் கைதடியில், இசையும் நடனமும் மருதனார்மடத்தில். வவுனியா வளாகம் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம். ஆகவே அதைத் தனியாகத்தான் தெரிவு செய்ய வேண்டும். யாழ்ப்பாணம் என்று போட்டால் வவுனியாவும் சேர்ந்து வராது.

இனி, பிள்ளைகளை எப்படி எடுக்கிறார்கள் என்று பார்ப்போம். 2001 முதல் இஸட் புள்ளி முறை நடைமுறையில் இருக்கிறது. பெரும்பாலான படிப்புகளில் 100 இடம் இருந்தால் 40 இடம் முழுத் தீவிலும் கூடப் புள்ளி எடுத்தவர்களுக்கு. 55 இடம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்குப் பிரிகிறது. மிச்சம் 5 வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் உண்டு. அதனால்தான் ஒரே படிப்புக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி வேறுபடுகிறது.

இங்கேதான் நம்மவர்கள் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. பிள்ளை எந்த மாவட்டம் என்பதை வீட்டு விலாசத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. பரீட்சைக்கு முந்திய மூன்று வருடத்தில் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் கூடுதல் காலம் படித்தாரோ, அதுதான் அவருடைய மாவட்டம். சாதாரண தரம் முடிந்ததும், விஞ்ஞானம் படிக்க நல்ல ஆசிரியர் இருக்கிறார்கள் என்று பிள்ளையை யாழ்ப்பாணத்துக்கோ பருத்தித்துறைக்கோ அனுப்புகிற குடும்பங்கள் உண்டு. அனுப்பவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தோட்டப் பக்கத்துப் பாடசாலையில் பௌதிகவியலுக்கு ஆளே இல்லை என்றால் வேறு என்ன செய்வது? ஆனால் அப்படிப் போன பிள்ளை யாழ்ப்பாண மாவட்டப் பிள்ளைகளோடுதான் போட்டி போட வேண்டும். அனுப்ப முதலே இரண்டு மாவட்டத்துக் கடைசி மூன்று வருட வெட்டுப்புள்ளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

படிவத்தில் வரிசை போடும்போது பயப்படத் தேவையில்லை. எட்டாத படிப்பை முதலாவதாகப் போட்டால் கீழே உள்ளது பறிபோய்விடும் என்று ஊரில் ஒரு கதை இருக்கிறது. அது சரியில்லை. புள்ளி வரிசையில் பிள்ளையின் முறை வரும்போது, அவர் எழுதிய வரிசையில் மேலே இருந்து பார்த்துக்கொண்டு வருவார்கள். எதில் இடம் இருக்கிறதோ அது கிடைக்கும். ஆகவே உண்மையான ஆசை எதுவோ அதுவே முதலாவது. போன வருட வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் மேலே உள்ளதையும் தைரியமாகப் போடலாம், புள்ளி வருடத்துக்கு வருடம் ஏறி இறங்கும். ஆனால் கீழே நிச்சயம் கிடைக்கக் கூடிய சிலதையும் போட வேண்டும். இரண்டு மூன்றோடு நிறுத்திவிட்டு ஒன்றுமே கிடைக்காமல் வீட்டில் நின்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அதே நேரம், கிடைத்தாலும் போக மாட்டோம் என்கிற படிப்பை இடம் நிரப்பப் போட வேண்டாம். ஒரு படிப்புக்குப் பதிந்துவிட்டால் அடுத்த வருடம் வேறொன்றுக்குத் திரும்ப விண்ணப்பிக்க முடியாது. பரீட்சையும் மூன்று தடவைதான் எழுதலாம்.

இசை, நடனம், சித்திரம் போன்றவற்றுக்குப் படிவத்தில் போட்டால் மட்டும் போதாது. செய்முறைப் பரீட்சைக்கு அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பத்திரிகையில் அறிவித்தல் வரும். தவறவிட்டால் எவ்வளவு புள்ளி இருந்தும் பயனில்லை.

ஆசிரியராக வர விரும்புகிற பிள்ளைகளுக்குப் பத்தனை ஸ்ரீபாத, கோப்பாய் தேசிய கல்வியியற் கல்லூரிகள் இருக்கின்றன. அதற்கு வர்த்தமானியில் வேறாகக் கேட்பார்கள். பல்கலைக்கழக முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் அந்தத் திகதி போய்விடும்.

அந்தத் தாய் வீட்டுக்குப் போய் மகளோடு பேசினாங்க. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒரு கொப்பித் தாளில் தாங்களே எழுதிய வரிசையோடு வந்தாங்க. முதலாவது மொரட்டுவ, இரண்டாவது பேராதனை, மூன்றாவது கிளிநொச்சி. அதைப் பார்த்துத்தான் கடைத் தம்பி படிவத்தை நிரப்பினார்.