ஹாபுவைப் பிடிக்க வந்த கீரி

ஜப்பானின் கியூஷுவுக்கும் தைவானுக்கும் நடுவே சுமார் 1,200 கிலோமீட்டர் நீளத்துக்கு வில்லாக வளைந்து கிடக்கிறது ரியூக்யூ தீவுத்தொடர். பிலிப்பைன் கடல் தட்டு, ஆசியக் கண்டத்தைத் தாங்கும் தட்டுக்கு அடியில் புகும் விளிம்பு அது. தீவுகளுக்குப் பின்புறம் கடலடித்தரை இழுபட்டுப் பள்ளமானதால், ஒருகாலத்தில் கண்டத்தோடு ஒட்டியிருந்த நிலம் தனித்துப் போனது. அப்படி மாட்டிக்கொண்ட உயிர்களுக்கு ஒரு சலுகை கிடைத்தது. அமாமி ஓஷிமாவிலும், ஒகினாவாவின் வடகாடான யான்பாருவிலும் தரையில் வேட்டையாடும் பாலூட்டி எதுவும் இருக்கவில்லை. மற்ற நாடுகளில் எப்போதோ அழிந்துபோன வகை முயல், குட்டைக் காதும் கருத்த மயிருமாக அமாமியில் தங்கிவிட்டது. யான்பாருவில் பறக்க மறந்த ஒரு கானாங்கோழி நடமாடியது. அறிவியல் உலகம் அதற்குப் பெயர் வைத்ததே 1981இல்தான்.

மனிதருக்கு அங்கே பெரிய பயம் ஹாபு என்ற குழிவிரியன். கரும்புத் தோட்டத்துக்கு எலியும் தொல்லை. இரண்டையும் ஒரே அடியில் ஒழிக்க, 1910இல் விலங்கியலாளர் ஷோசபுரோ வத்தாசே வங்கத்திலிருந்து கீரிகளைக் கொண்டுவந்து ஒகினாவாவில் விட்டார். விட்டவை இருபதுக்கும் குறைவு. கீரியும் பாம்பும் சண்டை போடும் என்பது நமக்கும் பழக்கமான நம்பிக்கை. கூண்டுக்குள் அது உண்மையும்கூட. காட்டில் கீரி பகலில் அலையும், ஹாபு இரவில் வெளியே வரும். இரண்டும் சந்தித்துக்கொள்வதே அபூர்வம். பாம்பைத் தேடி அலைய வேண்டிய தேவை கீரிக்கு ஏது? ஓடத் தெரியாத பல்லி, தவளை, பூச்சி, பறவை எல்லாம் காலடியிலேயே கிடைத்தன.

ஒகினாவாவின் எழுபது ஆண்டு அனுபவம் கண்முன் இருந்தும், 1979இல் அமாமி ஓஷிமாவில் சுமார் 30 கீரிகள் விடப்பட்டன. என்னைக் கேட்டால், முதல் பிழையைவிட இதுதான் மன்னிக்க முடியாதது. 2000 வாக்கில் அவை பத்தாயிரம் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். 2005இல் இதற்கென்றே ஒரு வேட்டைக் குழு அமைந்தது. காடெங்கும் பொறிகள், தானியங்கிக் கேமராக்கள், மோப்ப நாய்கள். பிடித்துக் கொன்றவை மொத்தம் சுமார் 32,000. கடைசிக் கீரி அகப்பட்டது 2018 ஏப்ரலில். அதன்பிறகும் ஆறு ஆண்டுகள் ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே, 2024 செப்டம்பரில் ஒழிப்பை அறிவித்தார்கள். முப்பது விலங்குகளைத் திரும்பப் பெற 45 ஆண்டுகள். ஒகினாவாவில் வேலை இன்னும் முடியவில்லை; யான்பாருவுக்குள் கீரி நுழையாதபடி தீவின் குறுக்கே வேலி போட்டுக் காவல் காக்கிறார்கள்.

பயிர்களின் கதை இத்தனை நாடகத்தனமானதல்ல, ஆனால் பரப்பு பெரிது. வடக்கு ஒகினாவாவின் செம்மண் புளிப்பானது, மாவு போல நுண்ணியது. அன்னாசிக்குப் புளிப்பு மண் பிடிக்கும், ஆகவே சரிவுகளில் அன்னாசி ஏறியது. கன்று வளர்ந்து தரையை மூடும்வரை மண் வெறுமனே கிடக்கும். கோடை நடவுக் கரும்பிலும் இதே சிக்கல்: உழுது போட்ட நிலம் மே, ஜூன் அடைமழை முழுவதும் திறந்தே இருக்கிறது, நடவு அதற்குப் பிறகுதான். ஒரு பெருமழை பெய்தால் ஓடைவாயில் கடல் செங்காவியாகும். படியும் சேற்றில் பவளத்தின் இளம்புழு ஒட்ட இடம் இராது. செம்மண் அரிப்பைத் தடுக்கும் மாவட்டச் சட்டம் 1995இல் நடைமுறைக்கு வந்து கட்டுமான இடங்களைக் கட்டுப்படுத்தியது. இன்று கடலுக்குப் போகும் மண்ணில் பெரும்பகுதி வயல்களிலிருந்து வருகிறது.

தெற்கே மியாகோ தீவில் ஆறே இல்லை. சுண்ணாம்புப் பாறை மழையை அப்படியே உறிஞ்சிக்கொள்கிறது. நிலத்துக்கு அடியில் சுவர் எழுப்பி நீரைத் தேக்கிக் கரும்புக்குப் பாய்ச்சுகிறார்கள். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் நீர் இறங்கும் வழியில் உரமும் இறங்கும். 1980களின் பிற்பகுதியில் அங்கே நிலத்தடி நீரின் நைட்ரேட் அளவு குடிநீர் வரம்பை நெருங்கியது. யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கும் அடியில் சுண்ணாம்புப் பாறைதான்.

இப்போதைய அபாயம் ஓர் ஈ. இதற்கு முன்பும் ஒரு முறை ஈயோடு போராடியிருக்கிறார்கள். பாகல், பூசணிக் காய்களுக்குள் முட்டையிடும் பழ ஈ ஒன்று 1919இல் யாயெயாமா தீவுகளில் தென்பட்டு, 1972இல் ஒகினாவா தீவை எட்டியது. கதிர்வீச்சால் மலடாக்கிய ஈக்களை 5,000 கோடிக்கும் மேல் வளர்த்துப் பறக்கவிட்டு, 1993இல் அதை ஒழித்தார்கள். உலகமே பாராட்டிய சாதனை. 2024இல் வடக்கு ஒகினாவாவில் அதே குடும்பத்தின் வேறோர் இனம் கண்டுபிடிக்கப்பட்டது. பழைய இனத்தின் மலட்டு ஆண் ஈக்கள் இதற்கு எதிராகப் பயன்படா. இதற்கெனத் தனியாக வளர்த்தாக வேண்டும். 2025 ஏப்ரலில் அவசரத் தடுப்பு தொடங்கியது. பாகல், பூசணி, வெள்ளரி ஆகியவற்றைத் தீவுக்கு வெளியே அனுப்பச் சோதனை கட்டாயமாயிற்று. சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கு இந்தக் கட்டுப்பாடு முன்பே உண்டு. அதைத் துளைக்கும் கூன்வண்டு பரவாதிருக்க, ஒகினாவாவிலிருந்து பச்சைக் கிழங்கை ஜப்பானின் பெருநிலத்துக்கு எடுத்துப்போக முடியாது. விமானம் ஏறுமுன் பையிலிருந்து எடுத்துப் போட்டுவிட வேண்டும், வேகவைத்ததற்குத் தடையில்லை.