சொல்லாமல் தேயும் சிறுநீரகம்

2021 ஜூலையில் டோக்கியோ பல்கலைக்கழகத்துக்கு, அது கேட்காமலேயே நன்கொடை வந்து குவிந்தது. அங்கே பேராசிரியராக இருந்த தோரு மியாசாக்கி, பூனைகளின் சிறுநீரக நோய்க்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார். கொரோனாவால் நிதி வறண்டு வேலை நின்றுபோனதாக ஒரு செய்தி வந்தது. அவ்வளவுதான். சுமார் 20,000 பேர் அனுப்பிய பணம் கிட்டத்தட்ட 30 கோடி யென்னை எட்டியது. வளர்த்த பூனையை அந்த நோய்க்கே பறிகொடுத்தவர்களும் அதில் இருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பூனைக்கு அந்த மருந்தால் இனி ஆகப்போவது ஒன்றுமில்லை.

பத்து வயதைத் தாண்டிய பூனைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருக்கிறது. வயது ஏற ஏற விகிதமும் ஏறும். பூனையின் முன்னோர் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனைகள். இரையின் உடம்பில் இருக்கும் நீரையே நம்பி வாழ்ந்தவை என்பதால் தாக உணர்வு குறைவு; சிறுநீரைச் சுண்டக் காய்ச்சியதுபோல் அடர்த்தியாக்கி வெளியேற்றும் திறமை அதிகம். வடிகட்டும் அலகுகளான நெஃப்ரான்கள் மனிதச் சிறுநீரகம் ஒன்றில் சுமார் 10 லட்சம் உண்டு. பூனைக்குச் சுமார் 2 லட்சம். செத்த நெஃப்ரான் திரும்ப முளைக்காது. அதன் வேலையையும் மிச்சமிருப்பவை சேர்த்து இழுக்கும்.

வம்பு இங்கேதான் தொடங்குகிறது. மிச்சமிருப்பவை அவ்வளவு நன்றாக இழுப்பதால் வெளியே வெகுநாள் ஒன்றும் தெரிவதில்லை. ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவு எல்லை தாண்டும்போது சிறுநீரகத் திறனில் சுமார் முக்கால் பங்கு போயிருக்கும். அதற்கு முன்பே கிண்ணத்துத் தண்ணீர் சீக்கிரம் தீரும், மணல் தட்டில் ஈரக் கட்டிகள் பெரிதாகும். "இப்பல்லாம் நல்லா தண்ணி குடிக்குது" என்று நாம் சந்தோஷப்படுவோம். பூனை போன பிறகு "எப்படிக் கவனிக்காமல் விட்டேன்" என்று மனதைப் போட்டு வாட்டிக்கொள்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: பல சமயம் நோய் என்று சந்தேகிக்கும்படி எதுவும் இருந்திருக்காது.

மியாசாக்கி கண்டது இன்னொரு விநோதம். ஏஐஎம் என்ற புரதத்தை அவர் அடையாளம் கண்டு 1999இல் வெளியிட்டார். மற்ற பாலூட்டிகளில் இது ஐஜிஎம் என்ற பெரிய எதிர்ப்புரதத்தில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் சுற்றும். சிறுநீரகத்தில் அடிபட்டால் பிரிந்து போய், நுண்குழாய்களை அடைத்திருக்கும் செத்த செல்களில் ஒட்டி, அவற்றை அப்புறப்படுத்த வழி செய்யும். பூனையிலும் ஏஐஎம் இருக்கிறது. ஆனால் ஐஜிஎம்மை அது விடுவதில்லை; குப்பை வண்டியை விட்டு இறங்காத துப்புரவுக்காரர் மாதிரி. 2016இல் இது கட்டுரையாக வந்தது. எல்லாப் பூனைக்கும் இது ஒன்றே காரணம் என்று நான் நம்பத் தயாரில்லை. ஆனாலும் நல்ல துப்பு. 2022இல் அவர் பல்கலைக்கழகத்தை விட்டு, இந்தப் புரதத்துக்கென்றே தனி ஆய்வகம் தொடங்கினார்.

நோய் ஒளிந்துகொண்டு வருவதால் செலவும் கடைசி வாரத்தில் மொத்தமாக வந்து விழுகிறது. டிரிப், ஸ்கேன், தினம் ஒரு ரத்தப் பரிசோதனை, இரவு அட்மிஷன். பணம் மிகக் குறைவாகப் பலன் தரும் வாரமும் அதுதான். கையெழுத்துப் போடுமுன் டாக்டரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: "இது திடீர்ப் பழுதா, பல வருஷத் தேய்மானமா?" லில்லிச் செடியைக் கடித்ததாலோ, நீர்ப்பாதை அடைத்ததாலோ வந்த பழுது என்றால் கடன் வாங்கியாவது சேர்க்கலாம், மீள வாய்ப்பு உண்டு. தேய்ந்தே போனது என்றால் டிரிப் சில நாள் நஞ்சைக் குறைக்கும், தேய்ந்ததைத் திருப்பித் தராது. அமெரிக்காவில் 1987 முதலே பூனைக்குச் சிறுநீரக மாற்று அறுவை நடக்கிறது (தானம் தந்த பூனையையும் நோயாளியின் வீட்டார் ஆயுசுக்கும் வளர்க்க வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம், எனக்குப் பிடித்த ஏற்பாடு). அந்தச் செலவு நம்மில் பெரும்பாலானோருக்கு எட்டாது.

காசுக்கு வேலை ஆரம்பத்தில். ஏழெட்டு வயதிலிருந்து வருஷம் ஒருமுறை ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம். மாதம் ஒருமுறை எடை. கிரியாட்டினினுக்கு முந்திக் காட்டிக்கொடுக்கும் எஸ்டிஎம்ஏ பரிசோதனை 2015 முதல் புழக்கத்தில் இருக்கிறது. பாஸ்பரஸ் குறைந்த உணவு ஆயுளை நீட்டுகிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு. சென்னைக்காரர்களுக்கு 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே வரிசையில் பொறுமையோடு காத்திருந்தால் பர்ஸ் தப்பும்.

வீட்டிலேயே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு: தோலுக்கடியில் திரவம் ஏற்றுவது. டாக்டர் சொல்லி, ஒருமுறை கற்றுக்கொடுத்தால், ரிங்கர் லாக்டேட் பாட்டிலை வெந்நீரில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னல் கம்பியில் மாட்டலாம். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரமாகத் தூக்கி ஊசியை நுழைத்தால், சில நிமிடங்களில் 100 மில்லி இறங்கிவிடும். முதுகில் புடைப்பு தெரியும். சற்று நேரத்தில் அது ஒரு முன்காலுக்குச் சரியும், பிறகு உடம்பு இழுத்துக்கொள்ளும். இதயக் கோளாறு உள்ள பூனைக்கு இது ஆபத்து. அதனால் கேட்காமல் செய்யாதீர்கள்.

அதுவும் பலிக்காத நாள் வரும். பூனை சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும், தன் ரோமத்தை நக்கிச் சுத்தம் செய்வதை விட்டுவிடும். கருணை ஊசி பற்றிப் பேசத் தயங்க வேண்டாம். முதலில் மயக்க மருந்து, பிறகு அதிக அளவு உறக்க மருந்து; நினைவு தப்பிய பிறகே மூச்சும் இதயமும் நிற்கின்றன. கண் மூடாது, ஓரிரு முறை மூச்சு வாங்குவதுபோலத் தசை துடிக்கலாம். முன்பே தெரிந்தால் பதறாமல் இருக்கலாம். வீட்டுக்கு வரும் மருத்துவர் கிடைத்தால் அதுவே மேல். கிளினிக்கில் என்றால் பணத்தை ஊசிக்கு முன்பே கட்டிவிடுங்கள். பிறகு கவுன்டரில் நின்று சில்லறை எண்ணக் கை வராது.