அம்பாசடரின் வாரிசு

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால், தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் போகும் ஐந்தாறு கிலோமீட்டர் சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். அந்த வரிசையைச் சற்று உற்றுப் பார்த்தால் ஒரு பிரிவினை புலப்படும். டிக்கி தனியாக நீண்டிருக்கும் செடான் என்றால் பெரும்பாலும் மஞ்சள் போர்டு, வாடகைக்கு வந்தது. வெள்ளை போர்டு குடும்ப வண்டிகளோ நெஞ்சை நிமிர்த்திய உயர வண்டிகள். நாட்டுக் கணக்கும் இதையேதான் சொல்கிறது. வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாமின் கணக்குப்படி 2024-25 நிதியாண்டில் விற்ற 43 லட்சம் பயணிகள் வாகனங்களில் ஏறத்தாழ 28 லட்சம் யுட்டிலிட்டி வகை. இன்னோவா, எர்டிகா போன்ற ஏழு பேர் வண்டிகளும் இதில் அடக்கம் என்றாலும், கூட்டத்தைப் பெருக்கியது கார் அடித்தளத்தின் மேல் உயரமாகக் கட்டிய கிராஸ்ஓவர்தான். செடானும் ஹேட்ச்பேக்கும் சேர்ந்தே பதின்மூன்றரை லட்சம். 2018-ல் நாட்டிலேயே அதிகம் விற்ற கார் மாருதி டிசையர் என்ற செடான். 2024-ல் அந்த இடத்தில் டாடா பஞ்ச் என்ற கிராஸ்ஓவர். ஆறே வருடத்தில் ஒரு தேசத்தின் ரசனை இப்படிப் புரண்டு படுக்குமா?

கேட்டால் உடனே வரும் பதில் ‘நம்ம ரோடு அப்படி, நம்ம மலை அப்படி’ என்பது. அந்தப் பதிலைக் குற்றாலத்திலேயே சோதித்துவிடலாம். விளம்பரங்களில் கிராஸ்ஓவர் மலையேறும், ஓடையைக் கிழித்துக்கொண்டு பாயும். இங்கே மலையும் உண்டு, தண்ணீரும் உண்டு. ஆனால் குற்றாலம் மலையடிவாரத்து ஊர். பேரருவியும் ஐந்தருவியும் பழைய குற்றால அருவியும் தார்ச்சாலை போய்த் தொடும் இடங்கள். செண்பகாதேவிக்கும் தேனருவிக்கும் எந்தக் காரும் போகாது, கால்தான் போக வேண்டும். புளியரை தாண்டி ஆரியங்காவுக்கு ஏறும் வளைவுகளிலும் அம்பாசடர் ஏறியிருக்கிறது, லாரி ஏறிக்கொண்டிருக்கிறது. போதாததற்கு, நம்மவர்கள் வாங்கும் கிராஸ்ஓவர்களில் ஆகப் பெரும்பாலானவற்றுக்கு இன்ஜின் விசை முன்சக்கரம் இரண்டுக்கு மட்டுமே போகிறது, செடானுக்குப் போவதைப் போலவே. அடிவயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியையும் பார்த்துவிடுவோம். டிசையருக்கு 163 மில்லிமீட்டர், பஞ்சுக்கு 187. வித்தியாசம் 24 மில்லிமீட்டர், ஓர் அங்குலம்கூட இல்லை. ஐந்து பேரும் அவர்கள் மூட்டையும் ஏறிய பிறகு, அளவுப்பிரமாணம் எதற்கும் அடங்காத நம் வேகத்தடைகளில் அந்த ஓர் அங்குலமும் உதவும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஓர் அங்குலத்துக்காக ஒரு நாடே கட்சி மாறாது.

மாறியதற்கு வேறு ஓர் உயரம் காரணம். அம்பாசடரின் கூரை தரையிலிருந்து ஏறத்தாழ 1.59 மீட்டர். வேட்டி கட்டியவரும் சேலை கட்டியவரும் முழங்கால் வலிக்காரப் பாட்டியும் நாற்காலியில் உட்காருவதுபோல அதில் உட்கார்ந்தார்கள். 1998-ல் ஹோண்டா சிட்டி வந்தது, அடுத்த வருடம் மறைமலைநகரில் செய்த ஃபோர்டு ஐகானும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஹூண்டாய் ஆக்சென்ட்டும் வந்தன. அந்த முதல் சிட்டியின் உயரம் 1.4 மீட்டர் அளவுதான். ஓட்டுகிறவருக்குச் சுகம்; வளைவில் வண்டி தரையோடு ஒட்டிக்கொள்ளும், வேகத்தில் அலைபாயாது. ஏறுகிறவருக்குத்தான் சோதனை. குனிந்து, உடம்பை உள்ளே இறக்கி, இறங்கும்போது யாராவது கைகொடுக்க வேண்டும். இப்போது பஞ்சின் உயரம் 1.615 மீட்டர், ஹூண்டாய் கிரெட்டாவின் உயரம் 1.635. ஆக, அம்பாசடர் இருந்த உயரத்துக்கே, அதற்கும் ஒரு விரல் மேலேயே, திரும்பியிருக்கிறோம். கிராஸ்ஓவரைப் புதிய மோகம் என்பவர்கள் கணக்கைத் தலைகீழாகப் படிக்கிறார்கள். இந்தியக் குடும்பம் நிமிர்ந்து உட்காரவே எப்போதும் விரும்பியது; தாழ்ந்த செடான்தான் நடுவில் பதினைந்து இருபது வருடம் வந்துபோன விருந்தாளி.

அப்படியானால் விருந்தாளி ஏன் அவ்வளவு காலம் தங்கினார், ஏன் இப்படிச் சட்டென்று கிளம்பினார்? அங்கேதான் வரி வருகிறது. 2006 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆக்கினார். சிறிய கார் என்றால் நீளம் நாலு மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள், டீசல் 1500-க்குள். செடானுக்கு இருந்த ஒரே தனிச்சொத்து நீண்ட டிக்கி. நாலு மீட்டர் என்று கோடு கிழித்ததும் கத்தி முதலில் விழுந்தது அதன் மேல்தான். 2008-ல் வந்த டிசையர் 4.16 மீட்டர் நீளம், டிக்கி 440 லிட்டர். 2012-ல் வரிக்காக 3.995 மீட்டராக நறுக்கினார்கள். டிக்கி 316 லிட்டராகச் சுருங்கியது. மாருதியே 2016-ல் கொண்டுவந்த விட்டாரா பிரெஸ்ஸாவும் நாலு மீட்டருக்குள்தான், ஆனால் அதன் டிக்கி 328 லிட்டர். வாலே இல்லாத வண்டி வால் வைத்த வண்டியைவிட அதிகம் சுமந்தது! மனை சிறுத்தால் மாடி கட்டுவோம் இல்லையா? நீளத்துக்குச் சட்டம் வேலி போட்டதும் கார் மேல்நோக்கி வளர்ந்தது. 2013-ல் அதே அமைச்சர் எஸ்.யு.வி.களுக்கு வரியை 27-லிருந்து 30 சதவீதம் ஆக்கியபோதும் குறி வைத்தது நாலு மீட்டரைத் தாண்டியவற்றை மட்டுமே. அந்த வருடமே மறைமலைநகரிலிருந்து 3.999 மீட்டர் நீளத்தில் ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் வெளியே வந்தது. ஒரு மில்லிமீட்டர் மிச்சம்! 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய காருக்கு 18 சதவீதம், மற்ற பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40 என்று ஜி.எஸ்.டி. மாறியிருக்கிறது. வேலி மட்டும் அங்கேயேதான் நிற்கிறது. அதற்கு வெளியே நின்ற பெரிய செடான்கள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. 510 லிட்டர் டிக்கி வைத்திருந்த மாருதி சியாஸ் 2025-ல் நின்றுபோனது.

வெறும் பகட்டு என்று சொல்லும் கட்சி ஒன்று உண்டு. பகட்டு இல்லாமல் எந்தக் காலத்தில் யார் கார் வாங்கினார்கள்? தொண்ணூறுகளின் இறுதியில் அந்தப் பகட்டைச் செடான் அனுபவித்தது. பகட்டு எப்போதும் இருப்பது. எப்போதும் இருக்கும் ஒன்றை மாற்றத்துக்குக் காரணம் காட்ட முடியாது. இன்னொரு மறுப்பு கனமானது. டிசையர் இன்னமும் லட்சக்கணக்கில் விற்கிறதே, செடான் எங்கே செத்தது? விற்கிறது, அதை வாங்கும் காரணத்தைப் பார்க்க வேண்டும். கம்பெனி சொல்லும் மைலேஜ் டிசையருக்கு லிட்டருக்கு 24.79 கிலோமீட்டர், பஞ்சுக்கு 20.09. தினம் முந்நூறு கிலோமீட்டர் ஓட்டும் டாக்ஸிக்காரருக்கு இந்த வித்தியாசம் நாளுக்குக் கிட்டத்தட்ட மூன்று லிட்டர். மாதம் ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்துக்கோ மாதத்துக்கே ஐந்து லிட்டருக்குள் முடிந்துவிடும். பாட்டி சிரமமில்லாமல் ஏறுவதற்கு அந்தக் காசைக் கொடுக்க வீடு தயாராக இருக்கிறது. குற்றாலத்துச் சாலை வரிசையில் மஞ்சளும் வெள்ளையும் பிரிந்து நிற்பது இதனால்தான். வேடிக்கை என்னவென்றால், அருவியில் குளித்துவிட்டு ஈரத் துணியோடு திரும்புகிறவருக்குச் செடானே தோது. மூடிய டிக்கிக்குள் மூட்டையைப் போட்டால் வாடை முன்னே வராது.

மைலேஜைவிட எனக்கு உறுத்துவது வேறு. உயர்ந்த வண்டிக்கு உயர்ந்த மூக்கு. தாழ்ந்த கார் மோதினால் காலில் படும் அடி, உயர்ந்த மூக்கு மோதினால் இடுப்பிலும் நெஞ்சிலும் விழும்; குழந்தை என்றால் தலையில். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் பானெட்டுக்கு முன்னால் நிற்கும் சிறு பிள்ளை தெரியாமல் போகவும் வாய்ப்புண்டு. சீசனில் பேரருவிக்குப் போகும் வழியில் வண்டி ஓடும் அதே தாரில்தான் துண்டைப் போர்த்திக்கொண்டு ஜனம் நடக்கிறது. உட்காருகிறவருக்குக் கிடைத்த சௌகரியத்தின் விலையில் ஒரு பங்கை நடக்கிறவர் கொடுக்கிறார். ஆறடி நடைபாதையும் சீசன் நாட்களில் அருவிக்கு அரைக் கிலோமீட்டர் முன்பே கார் நிறுத்தமும் கேட்பது, செடானுக்குத் திரும்புங்கள் என்று உபதேசிப்பதைவிட நடக்கக்கூடிய காரியம்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் நிமிடங்களில் பாய்ந்த வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்றது. அதற்கு முந்தைய டிசம்பரில் தென் மாவட்டங்கள் தண்ணீரில் மிதந்தன. 187 மில்லிமீட்டர் என்பது ஒரு சாண் அளவுக்கும் கொஞ்சம் குறைவு. உங்கள் வண்டியின் உயரம் உட்காருவதற்காகக் கொடுத்தது. சாலையின் குறுக்கே தண்ணீர் ஓடினால், எந்த வண்டியானாலும், நிறுத்திவிட்டு இறங்குங்கள்.